மூன்றெழுத்து, நாலெழுத்து டொமைன்: விலை பார்த்து வாங்கி விற்பது எப்படி

குட்டி டொமைன் பெயர் (இணையத் தள முகவரி) எதுவானாலும் அதற்கு இரண்டு விலை உண்டு. ஒன்று, இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் மொத்த விலை. இன்னொன்று, அந்தப் பெயரைத் தன் கம்பெனிக்கே வைத்துக்கொள்ளப் போகிறவர் தரும் விலை. முதலாவது இந்த வாரமே கைக்கு வரும். இரண்டாவது அதைப்போல் பத்து மடங்கோ நூறு மடங்கோ இருக்கலாம், பத்து வருடம் காத்தும் வராமலே போகலாம். 2010 இல் எஃப்பி.காம் பெயரை அமெரிக்கன் ஃபார்ம் பீரோ என்ற விவசாயிகள் அமைப்பிடமிருந்து ஃபேஸ்புக் 85 லட்சம் டாலருக்கு வாங்கியது. அந்தப் பெயருக்கு உலகத்தில் அப்படி ஒரு ஆள்தான் இருந்தார். அந்த மாதிரிச் செய்தியை மனதில் வைத்துக்கொண்டு நாலெழுத்துப் பெயருக்கு விலை கொடுப்பவர்கள்தான் பணத்தை முடக்குகிறார்கள். வாங்கும்போது மொத்த விலைக்கு வாங்க வேண்டும். விற்கும்போது இரண்டாவது விலைக்குக் காத்திருக்க வேண்டும். கீழே உள்ளதெல்லாம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வழி.

முதலில் எண்ணிக்கை

ஆங்கில எழுத்து 26. ஆகவே இரண்டெழுத்து .காம் மொத்தமே 676. மூன்றெழுத்து 17,576. நாலெழுத்து 4,56,976. எண்களில் மூன்று இலக்கம் 1,000, நான்கு இலக்கம் 10,000, ஐந்து இலக்கம் 1,00,000. ஒற்றை எழுத்துப் பெயர்களை 1993 இல் பதிவிலிருந்து ஒதுக்கிவிட்டார்கள். அதற்கு முன்பே போய்விட்ட க்யூ, எக்ஸ், இசட் மூன்று மட்டும்தான் .காமில் புழக்கத்தில் உள்ளன. இசட்.காம் 2014 இல் ஜப்பானின் ஜிஎம்ஓ இன்டர்நெட்டிடம் 80 கோடி யென்னுக்குப் போனது.

மூன்றெழுத்து, நாலெழுத்து .காம் எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டன. புதிதாகப் பதிவு செய்ய எதுவும் இல்லை. யாராவது விட்டால்தான் உண்டு. எனவே இங்கே வாங்குவது என்றால் இன்னொருவரிடம் வாங்குவது அல்லது ஏலத்தில் எடுப்பது. மூன்றெழுத்து .காமின் மொத்த விலையே ஐந்து இலக்க டாலரில் இருக்கிறது. புதிதாக வருபவருக்குக் கைக்கு எட்டுவது நாலெழுத்துதான். அதனால் இனி பெரும்பாலும் அதைப் பற்றியே.

எழுத்தின் தரம்

நாலெழுத்துப் பெயர்கள் எல்லாம் ஒரே விலை அல்ல. மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் வகை, வாயில் வருகிற பெயர். மெய், உயிர், மெய், உயிர் என்று மாறி மாறி வந்தால் வார்த்தை போல ஒலிக்கும். ஆங்கிலத்தில் மெய் 21, உயிர் 5. 21×5×21×5 போட்டால் 11,025 தான். நாலரை லட்சத்தில் இது இரண்டரை சதவீதம்கூட இல்லை. புதுக் கம்பெனி தொடங்குகிறவர் பெயராகவே இதை எடுத்துக்கொள்ள முடியும் என்பதால், மொத்த விலையே மற்றதைவிடப் பல மடங்கு.

இரண்டாவது, முதலெழுத்துச் சுருக்கத்துக்குப் பொருந்தும் பெயர். நம்மூரில் சொல்லவே வேண்டாம்: டிவிஎஸ், எம்ஆர்எஃப், டிடிகே, ஏவிஎம் எல்லாமே முதலெழுத்துக் கம்பெனிகள். உலகம் முழுக்க ஆங்கிலப் பெயர்களில் அதிகம் முதலில் வரும் எழுத்துகள் ஏ, பி (B), சி, டி (D), எம், பி (P), எஸ், டி (T) போன்றவை. க்யூ, எக்ஸ், இசட், ஜே, கே, வி, டபிள்யூ, யூ, ஒய் ஆகியவை குறைவு. இந்தக் 'கெட்ட' எழுத்து ஒன்று வந்தாலே தேவைப்படுகிறவர் கூட்டம் சுருங்கும். இரண்டு வந்தால் அடிமட்ட விலைக்கு வந்துவிடும்.

மூன்றாவது, சீனச் சந்தைக்கான பெயர். சீன மொழியை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் எந்த அசையும் ஐ, யூ, வி எழுத்துகளில் தொடங்குவதில்லை. ஏ, ஈ, ஓ எழுத்துகளில் தொடங்குபவை சொற்பம். இந்த ஆறையும் நீக்கினால் மீதி 20. அந்த இருபதால் மட்டும் அமைந்த பெயர்களைத் தொழிலில் 'சிப்' என்கிறார்கள். நாலெழுத்தில் இவை 1,60,000, மூன்றெழுத்தில் 8,000. ஆங்கிலக்காரர் கழிக்கும் க்யூ, எக்ஸ், இசட் எல்லாம் இங்கே நல்ல எழுத்துகள். எண்களில் செல்வத்தோடு ஒலி ஒத்துப்போகும் 8 உயர்வு, சாவோடு ஒத்துப்போகும் 4 தாழ்வு. 360.காம் பெயரைச் சீனாவின் கிஹூ 360 நிறுவனம் 2015 இல் 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு வோடஃபோனிடம் வாங்கியதை நினைத்துப் பாருங்கள். அதே 2015 இன் கடைசியில் சீன முதலீட்டாளர்கள் கூட்டமாக இறங்கியதில், சில நூறு டாலருக்குக் கிடைத்த சிப் பெயர்கள் ஆயிரம் டாலரை அநாயாசமாகத் தாண்டின. 2016 இல் சரிந்தன. உச்சத்தில் வாங்கியவர்களுக்கு அந்த விலை பிறகு கிடைக்கவில்லை. பயன்படுத்துகிறவர் யாரும் இல்லாமல், வாங்கி விற்பவர்களே விலையை ஏற்றிய சந்தை அது. அந்த வகைப் பெயருக்கு எப்போதும் அந்த ஆபத்து உண்டு.

எழுத்தோடு எண் கலந்தால் விலை இறங்கும். பூஜ்யமா 'ஓ' எழுத்தா, ஒன்றா 'எல்' எழுத்தா என்ற குழப்பம் வந்தால் இன்னும் இறங்கும். நடுவில் கோடு இருந்தால் வாங்கவே வேண்டாம். ஒரு எளிய சோதனை: பெயரை போனில் ஒருவரிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். ஆங்கில பி, டி, ஈ, வி, சி எல்லாம் ஒரே வால் கொண்ட ஒலிகள். எம், என் இரண்டும் காதில் ஒன்றாகவே விழும். இரண்டாவது முறை சொல்ல வேண்டி வந்தால் வாங்க வருகிற கம்பெனிக்காரரும் அதை யோசிப்பார்.

விலை பார்க்கும் முறை

தானியங்கி மதிப்பீட்டுக் கருவிகளை இந்த வேலைக்கு நம்பாதீர்கள். அவை பெயருக்குள் இருக்கும் சொல்லைத் தேடுவோர் எண்ணிக்கை, விளம்பரச் செலவு போன்றவற்றை வைத்துக் கணக்குப் போடுகின்றன. அர்த்தமில்லாத நாலெழுத்தில் சொல்லே இல்லை. ஒரே தரப் பெயர்கள் இரண்டுக்கு ஒன்று 200, இன்னொன்று 4,000 டாலர் என்று காட்டும். இரண்டும் பொய்.

நேம்பயோ தளத்தில் முடிந்த விற்பனைகளின் பட்டியல் இருக்கிறது. அங்கே நாலெழுத்து, .காம், கடந்த 12 மாதம் என்று வடிகட்டுங்கள். பிறகு உங்கள் பெயரின் வகையில் உள்ளவற்றை மட்டும் 20 முதல் 30 வரை எடுத்து எழுதுங்கள். எங்கே விற்றது என்ற பத்தியைக் கவனியுங்கள். காலாவதிப் பெயர் ஏலத்தில் விற்றது மொத்த விலை. செடோ, ஆஃப்டர்னிக் போன்ற சந்தைகளில் நிலையான விலைக்குப் போனது பெரும்பாலும் பயன்படுத்துகிறவர் தந்த விலை. இரண்டையும் ஒரே சராசரியில் போட்டால் வரும் எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை. மொத்த விலைப் பட்டியலில் மேலே இரண்டு, கீழே இரண்டு தள்ளிவிட்டு நடுவில் நிற்கும் விலையைப் பிடியுங்கள். அதற்கு மேல் கொடுக்க உங்களிடம் தனியாக ஒரு காரணம் இருக்க வேண்டும்.

அந்தக் காரணம், ஆள் எண்ணிக்கை. அதே நாலெழுத்து .நெட், .ஆர்க், .கோ, .இன், .ஐஓ, .ஏஐ என்று எத்தனையில் பதிவாகி, எத்தனையில் உயிருள்ள தளம் ஓடுகிறது என்று பாருங்கள். அடுத்து, அந்த எழுத்துகளோடு குரூப், இந்தியா, டெக், குளோபல் என்று வால் சேர்த்த .காம் பெயர்களைத் தேடுங்கள். வால் வைத்து ஓட்டிக்கொண்டிருப்பவர்தான் நாளைக்கு உங்களிடம் வரக்கூடியவர். அப்படி ஏழெட்டு நல்ல கம்பெனிகள் வெவ்வேறு துறையில், வெவ்வேறு நாட்டில் இருந்தால் பெயர் நல்லது. ஒரே ஒரு பெரிய கம்பெனி மட்டும் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். அது வாய்ப்பல்ல, வழக்கு.

வாங்கும் முன் மூன்று சோதனை

வர்த்தக முத்திரை முதலில். யுடிஆர்பி என்ற தகராறுத் தீர்ப்பு முறை 1999 முதல் நடப்பில் உள்ளது. புகார் கொடுப்பவர் மூன்றை நிரூபிக்க வேண்டும்: பெயர் தன் முத்திரையோடு ஒத்திருக்கிறது, உங்களுக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட நோக்கத்தோடு பதிவு செய்து பயன்படுத்தினீர்கள். ஒற்றை நடுவர் முன் வைப்போ என்ற உலக அறிவுசார் சொத்து அமைப்பில் புகார் தர அவருக்கு 1,500 டாலர்தான் செலவு. பலரும் பயன்படுத்தும் சுருக்கெழுத்தாக இருந்தால் உங்கள் பக்கம் வலு இருக்கிறது. ஆனால் அதை நீங்களே கெடுத்துக்கொள்ள இரண்டு வழி உண்டு. ஒன்று, தானியங்கி விளம்பரப் பக்கத்தில் விட்டு, அதில் அந்த முத்திரைக்காரரின் தொழில் விளம்பரமே வருவது. இன்னொன்று, வாங்கிய கையோடு முத்திரைக்காரருக்கே 'வேண்டுமா' என்று கடிதம் எழுதுவது. இரண்டும் அப்படியே எதிர்ச் சான்றாகப் போகும். விளம்பரம் இல்லாத வெறும் விற்பனைப் பக்கம் போடுங்கள்.

அடுத்தது திருட்டு. குட்டிப் பெயர்கள் நிறையத் திருடு போகின்றன. எளிதில் விற்கும் என்பதே காரணம். பி2பி.காம் (P2P.com) 2006 இல் உரிமையாளரின் கணக்கிலிருந்து திருடப்பட்டு, ஈபேயில் 1,11,000 டாலருக்குக் கூடைப்பந்து வீரர் ஒருவரிடம் விற்கப்பட்டது. திருடியவருக்கு 2011 இல் நியூ ஜெர்சியில் ஐந்து வருடச் சிறை கிடைத்தது. வாங்கியவர் எதுவும் அறியாதவர். நீங்கள் பார்க்க வேண்டிய அடையாளம் இது: 15, 20 வருடம் ஒரே ரெஜிஸ்ட்ராரில் (பெயரைப் பதிவு செய்து தரும் நிறுவனத்தில்) கிடந்த பெயர் போன மாதம் திடீரென்று வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாறியிருக்கும், விற்பவர் சந்தை விலையில் பாதி கேட்பார், இன்றைக்கே முடிக்க வேண்டும் என்பார். பெயர் யாருடையது என்று காட்டும் ஹூயிஸின் பழைய பதிவுகளைக் காசு கொடுத்துப் பார்க்கும் சேவைகள் இருக்கின்றன. அதில் பழைய உரிமையாளரைக் கண்டுபிடித்து, விற்பவர் கொடுத்த நம்பரில் அல்லாமல் நீங்களே தேடி எடுத்த நம்பரில் அழைத்துக் கேளுங்கள். இப்போதைய பதிவில் 2018 க்குப் பிறகு பெயர் மறைந்திருக்கும்; ஆனாலும் டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பின் தேடல் பக்கத்தில் தேதிகளும் நிலைக்குறிப்புகளும் தெரியும். 'கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் ப்ரொஹிபிட்டட்' என்று இருந்தால் சாதாரணப் பூட்டு. 'சர்வர்' என்று தொடங்கும் தடை இருந்தால் ரெஜிஸ்ட்ரி (.காம் முழுவதையும் நடத்தும் நிறுவனம்) அளவில் பூட்டு. ஏன் என்று தெரியாமல் பணம் கட்டாதீர்கள்.

மூன்றாவது, பெயரின் கடந்த காலம். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் வருடம் வருடமாகப் பாருங்கள். சூதாட்டம், ஆபாசம், போலி மருந்து ஓடியிருந்தால் மின்னஞ்சல் தடைப்பட்டியல்களில் பெயர் இருக்கக்கூடும். ஸ்பாம்ஹவுஸ் தேடலில் போட்டுப் பார்த்தால் ஒரு நிமிட வேலை.

ஏலத்தில் எடுப்பது

காலாவதியான .காம் பெயர் உடனே விழாது. ரெஜிஸ்ட்ராருக்கு 45 நாள் வரை சலுகைக் காலம், பிறகு 30 நாள் மீட்புக் காலம், கடைசியில் 5 நாள் நீக்கக் காலம். நல்ல நாலெழுத்து அந்தக் கடைசிப் படி வரை வருவதே அபூர்வம். சலுகைக் காலத்திலேயே ரெஜிஸ்ட்ரார் ஏலத்துக்கு விட்டுவிடும். அங்கே ஒரு சிக்கல்: ஏலம் முடிந்த பிறகும் சில நாள் பழைய உரிமையாளர் பணம் கட்டி மீட்டுக்கொள்ளலாம். உங்கள் பணம் திரும்பி வரும், பெயர் வராது. கணக்கில் பெயர் வந்து நிற்கும் முன் யாரிடமும் விற்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஏலத்தில் கடைசி நிமிடங்களில் கேட்டால் நேரம் நீளும். உங்கள் உச்ச விலையை முதல் நாளே தாளில் எழுதி வைத்து, அதற்கு மேல் ஒரு டாலரும் போகாதீர்கள். இன்னொருவர் கேட்கிறார் என்பதே பெயரின் மதிப்புக்குச் சான்று என்று தோன்றும். அவரும் உங்களைப் பார்த்து அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பார்.

பத்திரமாக வைத்திருப்பது

ரெஜிஸ்ட்ரார் கணக்கின் மின்னஞ்சல் முகவரி, நீங்கள் வைத்திருக்கும் டொமைன் எதிலும் இருக்கக் கூடாது. அந்த டொமைன் காலாவதியானால் மின்னஞ்சலும் செத்துவிடும். புதுப்பிக்கச் சொல்லும் எச்சரிக்கையும் பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பும் அதே செத்த பெட்டிக்குத்தான் போகும். இரண்டடுக்குச் சரிபார்ப்பை எஸ்எம்எஸ்ஸில் வைக்காமல் செயலியில் வையுங்கள். நல்ல பெயர்களை ஐந்து, பத்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடலாம்; .காமுக்கு உச்சவரம்பு பத்து வருடம். .காமின் ரெஜிஸ்ட்ரியான வெரிசைன், ரெஜிஸ்ட்ரார்களிடம் வாங்கும் கட்டணம் 2024 செப்டம்பரில் வருடத்துக்கு 10.26 டாலர் ஆனது. நீங்கள் கட்டுவது அதற்குச் சற்று மேலே இருக்கும்.

கணக்கு

50 நாலெழுத்துப் பெயர், சராசரி 300 டாலர் என்று வைத்துக்கொள்வோம். போட்ட முதலீடு 15,000. புதுப்பித்தல் வருடம் 550. நூற்றுக்கு ஒன்றிரண்டு பெயர் ஒரு வருடத்தில் பயன்படுத்துகிறவரிடம் விற்றாலே நல்ல ஓட்டம். இரண்டு என்றே எடுத்தால் உங்களிடம் ஒரு விற்பனை. 3,000 டாலருக்குப் போகிறது. சந்தைக் கமிஷன் 20 சதவீதம் போக 2,400. புதுப்பித்தலும் அந்தப் பெயரின் முதலும் போக 1,550. முதலுக்குச் சுமார் 10 சதவீதம். மோசமில்லை. ஆனால் அடிமட்ட விலை 300 இலிருந்து 200 க்கு இறங்கினால் 5,000 டாலர் காலி. மூன்று வருட லாபத்துக்கும் மேல். ஒரு பெயர்கூட விற்காத வருடமும் வரும். கடன் வாங்கிச் செய்யும் தொழில் இல்லை இது.

விற்பது

பெயரை முகவரிப் பட்டையில் தட்டினால் விற்பனைக்கு உண்டு என்ற பக்கம் வர வேண்டும். வாங்குகிறவர் தேடி வருவது பெரும்பாலும் அந்த வழியில்தான். ஆஃப்டர்னிக், செடோ போன்றவை தங்கள் நேம்சர்வருக்கு (பெயர் எந்தத் தளத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும் கணினிக்கு) பெயரைத் திருப்பினால் கமிஷனைக் குறைக்கின்றன. விலை எழுதி வைப்பதா, 'உங்கள் விலை சொல்லுங்கள்' என்று விடுவதா? சாதாரண நாலெழுத்துக்கு விலையை எழுதிவிடுவதே நல்லது. பேச்சு தொடங்கும் முன்பே பாதிப் பேர் போய்விடுகிறார்கள். வாயில் வரும் பெயருக்கும் மூன்றெழுத்துக்கும் எழுதாதீர்கள். கேட்பவர் ஜிமெயிலில் இருந்து 'கல்லூரி புராஜெக்டுக்கு' என்று எழுதினாலும் பின்னால் ஒரு கம்பெனி இருக்கலாம்; வால் வைத்த பெயர்களின் பட்டியலை ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

பேரம் முடிந்ததும் வரிசை இதுதான். பெயர் கைமாறும் வரை பணத்தை நடுவில் பிடித்து வைக்கும் எஸ்க்ரோ சேவையில் இருவரும் நிபந்தனையை ஒப்புக்கொள்கிறீர்கள். வாங்குபவர் பணம் கட்டுகிறார். பணம் வந்துவிட்டது என்பதை மின்னஞ்சலைப் பார்த்து நம்பாமல், தளத்தில் நீங்களே உள்ளே நுழைந்து உறுதி செய்துகொள்கிறீர்கள். அதன் பிறகே பூட்டைத் திறந்து மாற்றுக் குறியீட்டைத் தர வேண்டும். வாங்குபவருக்கும் அதே ரெஜிஸ்ட்ராரில் கணக்கு இருந்தால் கணக்கு விட்டுக் கணக்குத் தள்ளுவது சில நிமிட வேலை; வேறு ரெஜிஸ்ட்ராருக்கு என்றால் ஐந்து நாள் வரை ஆகும். சமீபத்தில் ரெஜிஸ்ட்ரார் மாறிய பெயருக்கு 60 நாள் பூட்டு இருக்கும், அப்போது தள்ளுவதுதான் வழி. எஸ்க்ரோ தளத்தை வாங்குபவரே முன்மொழிந்தால், அதுவும் கேள்விப்படாத பெயராக இருந்தால், அங்கேயே நிறுத்துங்கள். பெரிய தொகை சொல்லி, 'முதலில் இந்தத் தளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி அனுப்புங்கள்' என்று எழுதுபவர் வாங்க வந்தவரே இல்லை. அந்தச் சான்றிதழ்க் கட்டணம்தான் அவர் வருமானம். தவணையில் கேட்டால், கடைசித் தவணை வரை பெயர் உங்களிடமோ சந்தையிடமோதான் இருக்க வேண்டும்.

.காம் அல்லாதவை

.காம் போலப் பெயரின் கடைசியில் வரும் மற்ற முடிவுகளில் குட்டிப் பெயர் மலிவாகத் தெரியும். காரணத்தைப் பார்த்து வாங்குங்கள். புதிய முடிவுகள் பலவற்றில் நல்ல பெயர்களுக்கு ரெஜிஸ்ட்ரியே தனி விலை வைத்திருக்கும். வாங்கும்போது ஒரு முறை மட்டுமல்ல, ஒவ்வொரு வருடமும் அதே நூற்றுக்கணக்கான டாலர் கேட்கும். பணம் கட்டும் முன் புதுப்பித்தல் விலையைத் தனியாகப் பாருங்கள். .ஏஐ அங்குவில்லா தீவின் முடிவு, குறைந்தது இரண்டு வருடம் சேர்த்தே கட்ட வேண்டும். .ஐஓ பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதிக்கு உரியது. அந்தத் தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் 2025 மே மாதம் கையெழுத்திட்டது. நாட்டுக் குறியீடு போனால் முடிவும் போகலாம், யூகோஸ்லாவியாவின் .யூ 2010 இல் அப்படித்தான் நீக்கப்பட்டது. .இன் பெயர்களுக்குத் தகராறு யுடிஆர்பியில் அல்ல, ஐஎன்டிஆர்பி என்ற நம் நாட்டு முறையில் போகும்.

தமிழ் எழுத்திலேயே டொமைன் வாங்கலாம் என்பதால் 'இரண்டெழுத்துத் தமிழ்ப் பெயர் வாங்கிப் போடலாமா' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கண்ணுக்குத்தான் அது குட்டி. பெயரைத் தள முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் அமைப்புக்குள் ஒவ்வொரு தமிழ்ப் பெயரும் எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கிலக் குறிகளாக மாறித்தான் போகிறது. 'இலங்கை' என்ற நாலெழுத்து முடிவு அங்கே 16 குறி, 'இந்தியா' 17. மின்னஞ்சல் முகவரியாகப் போட்டால் பல படிவங்கள் ஏற்க மறுக்கும், சில செயலிகள் அந்த நீளக் குறியையே காட்டும். மறுவிற்பனைச் சந்தை என்று சொல்லும்படி அங்கே வாங்குபவர் கூட்டமும் இல்லை. தளம் நடத்த ஆசை இருந்தால் வாங்குங்கள், விற்கும் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.